ரீட்டாவுக்கு ஒரு போன்

மருதாள் (மனசுக்குள்): என்ற குரல நானே எட்ட நின்னு கேக்கறாப்பல இருக்குது. நான் மூச்சு வாங்கற இடத்துலயே இவளும் வாங்கறா. கூடப் பொறந்தா இதுவுமா ஒட்டிக்கும்...

மயிலாள்: அக்கா... அக்கோவ். கேள்வி கேளுன்னா பராக்கு பாத்துட்டு உக்காந்திருக்கே.

மருதாள்: கேக்கறேன், இரு. எஸ்.டி.டி பூத்துக்காரரு நம்மளையே பாக்கறாரு.

மயிலாள்: அவருகிட்டச் சொல்லி வெச்சுட்டேன். மூணு மணிக்கு மெட்ராஸ்ல இருந்து போன் வந்தாக் கூப்புடுவாரு. இன்னும் பத்து நிமிசம்தான் இருக்குது. உங்கூட்டுல என்ன சொல்லிட்டு வந்தே?

மருதாள்: கடைக்கு வெண்ணெ போட்டுட்டு வர்றேன்னு. ஊத்துக்குளில இருந்து திருப்பூருக்கு வர வேற என்ன காரணம் சொல்ல... செரி, நாந்தான் மெட்ராஸ் ஆபீசர். வேலைக்கு ஆள் எடுக்கறேன். நீங்க ரெடியா?

மயிலாள்: எஸ்ங்க சார்.

மருதாள்: எஸ்ஸுக்குப் பின்னால 'ங்க' போடாதே கண்ணு.

மயிலாள்: வாயில வந்துருதுக்கா.

மருதாள்: உங்க பேரு?

மயிலாள்: ரீட்டா, சார்.

மருதாள்: நெசப் பேரு?

மயிலாள்: அதெல்லாம் கேக்க மாட்டாங்க. அவங்களுக்குப் போன்ல தெரிஞ்சது, வேணுங்கறது எல்லாம் ரீட்டாதான். ஆறு வருசமா நம்ம எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போன் போட்டா எடுத்துப் பேசற ரீட்டா.

மருதாள்: அதுல நாலு வருசம் நான்.

மயிலாள்: ...அதான உன்னய வரச் சொன்னேன்.

மருதாள்: வெள்ளக்காரன் வாயில மருதாள்னு நுழையாதுன்னு முதலாளி வெச்ச பேரு. எனக்குக் கண்ணாலமானதும் போனோட சேத்துப் பேரையும் உன்ற கையில குடுத்துட்டாரு.

மயிலாள்: மேசையும் அதேதான். டிராயர்ல உன்ற ஹேர்பின்கூடக் கெடந்துச்சு.

மருதாள்: ...அடுத்த கேள்வி. மறக்க முடியாத ஆர்டர் எது?

மயிலாள்: எண்பத்தொம்பதுல ஜெர்மனிக்குப் போனது, சார். பனியன் ஒரு நீலம், காலர் வேறொரு நீலம். கப்பல் ஏறுன பொறவுதான் தெரிஞ்சுது. முதலாளி மூச்சுக் காட்டாதேன்னாரு. ஆனா நான் போன் போட்டு உள்ளதச் சொல்லிட்டேன். ஆர்டர் தப்பிச்சுது.

மருதாள்: ஏன் சொன்னீங்க?

மயிலாள்: ஏன்னா... ஏன்க்கா சொன்னே?

மருதாள்: நீ அப்ப எங்க இருந்தே?

மயிலாள்: பத்தாவது பரிச்சைக்குப் படிச்சுட்டு இருந்தேன். கிண்டலா பண்றே?

மருதாள்: அவங்க நோண்டிக் கேப்பாங்க, புள்ள. ரெண்டாவது கேள்விலயே மாட்டிக்குவே.

மயிலாள்: தெரியும். அதனால... நீயே பேசிரேன்.

மருதாள்: என்னது?

மயிலாள்: போன்ல மூஞ்சியா தெரியுது? ரெண்டு பேரு குரலும் ஒண்ணுதான். பத்து நிமிசம் பேசு, போதும். அங்க போய்ச் சேந்துட்டா நான் பொழச்சுக்குவேன்.

மருதாள்: நான் இங்கிலீசு பேசி ரெண்டு வருசமாச்சு. எப்பவாச்சும் எருமைகிட்டப் பேசுனாத்தான் உண்டு.

மயிலாள்: எருமை என்ன சொல்லுச்சு?

மருதாள்: தலைய ஆட்டுச்சு. எங்கூட்டுல அந்த அளவுக்குக் கேக்கறது அது ஒண்ணுதான்.

மயிலாள்: வெளையாடாதக்கா. இந்த வேல கெடைக்கலைன்னா தை மாசம் குன்னத்தூர்க்காரருக்குக் கட்டி வெச்சுருவாங்க. வேலைக்குப் போறதெல்லாம் ஆகாதுன்னு அவங்க இப்பவே சொல்லிட்டாங்க. அப்பறம் நானும் உன்ற மாதிரி...

மருதாள்: சொல்லு. என்ற மாதிரி?

மயிலாள்: ...ஒண்ணுமில்ல.

மருதாள்: அனுபவம் ஆறு வருசம்னு நீதான எழுதிப் போட்டே?

மயிலாள்: ...அது உனக்கு எப்பிடித் தெரியும்? நான் சொல்லவே இல்லியே. அக்கா, போன் அடிக்குது. பூத்துக்காரரு கை காட்றாரு. எந்திரி. ரீட்டா பேசறேன்னு மட்டும் ஆரம்பி, மத்தது தன்னால வந்துரும். எந்திரிக்கா...

மருதாள்: போன மாசம் அந்த வேலைக்கு நானும் எழுதிப் போட்டேன், மருதாள்ங்கற பேர்ல. அந்த நாலு வருசத்தையும் எழுதியிருந்தேன். 'மருதாள்னு யாரையும் எங்களுக்குத் தெரியாது, ஆறு வருசமும் பேசுனது தான்தான்னு ரீட்டாவே எழுதியிருக்காங்க'ன்னு மெட்ராஸ்ல இருந்து பதில் வந்துச்சு. நீ போய் எடு, கண்ணு. நான் பேசலை.