நெட்டைத் தடியனை நசுக்க மாட்டோம்

தூரிகை தொட்டால் தெருவையே திரும்பிப் பார்க்க வைத்தவரே! வாய் திறந்தால் முதலாளியையே முழிக்க வைத்தவரே! எங்கள் பெயர்ப்பலகைப் பட்டறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் எழுத்து வரைந்து, இன்று பணி நிறைவு பெறும் பெரியக்காவே! வணக்கம்.

ஒல்லியாய் ஓங்கி, கோடு மட்டும் தடித்துத் தலைநிமிர்ந்து நிற்கும் எழுத்து வடிவமொன்றைக் கையாலேயே வரைந்து வளர்த்தீர்கள். அதைக் கணினியில் ஏற்றிய பிறகும் 'நெட்டைத் தடியன்' என்றுதான் நாங்கள் கூப்பிடுகிறோம். ஒரு சாண் பலகையில் ஊர்ப்பட்ட பெயரையும் அடக்குவான், அடங்கிக்கொண்டே அதட்டுவான். மருந்துக்கடையின் நெற்றியிலும், பேருந்தின் முகப்பிலும், லாரியின் முதுகிலும், சுவரொட்டியின் உச்சியிலும் அவன் நிற்காத தெரு இல்லை. திருமண அழைப்பிதழுக்குக் கேட்டால் மட்டும் தர மாட்டீர்கள். "விருந்துக்குக் கூப்பிடுறதுக்கு எதுக்குப்பா இந்தக் கத்தல்?" என்பீர்கள்.

எந்தப் பலகையானாலும், அதன் எதிரே ஓடி வந்து, ஓட்டத்திலேயே படிக்க முடிகிறதா என்று பார்த்த பிறகே வெளியே அனுப்புவீர்கள். ஐம்பதைத் தாண்டிய பின்னும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு முற்றத்தில் ஓடிய தங்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. சிரித்துவிட்டுப் போகட்டும் என்று மறுபடியும் ஓடினீர்கள்.

சென்ற வாரம், மருத்துவமனை வாசலுக்கு 'அவசர சிகிச்சை' என்று தாங்கள் வரைந்தது தயாராக இருந்தபோது, பாதிப் பலகையை ஒரு விளம்பரத்துக்கு விட்டுவிட்டு, எழுத்தைக் கணினியில் நெரித்து மீதிக்குள் நுழைக்கச் சொன்னார்கள் மருத்துவமனைக்காரர்கள். முதலாளியும் தலையாட்டிவிட்டார். "நான் போன மறுநாளே இவனை நசுக்கிடுவீங்கன்னா, எனக்கு மாலையும் வேண்டாம், மடலும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத் தங்கள் மேசைக்குப் போய்விட்டீர்கள். அன்று எங்களுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே, நெரித்த மாதிரியையும் தங்கள் மாதிரியையும் முற்றத்துச் சுவரில் ஒட்டினோம். முதலாளியை வாசலிலிருந்து ஓடி வரச் சொன்னோம். தொப்பையைத் தூக்கிக்கொண்டு, முணுமுணுத்தபடியே அவரும் ஓடினார். தாங்கள் வரைந்ததைப் பாதி வழியிலேயே படித்துவிட்டார். நெரித்ததைப் படிக்க நிற்க வேண்டியிருந்தது. மூச்சு வாங்கியபடி அவர், "முழுப் பலகையும் எழுத்துக்குத்தான். நானே போய்ச் சொல்லிக்கிறேன்" என்றார். சொல்லியும் விட்டார்.

அன்புக்குரிய பெரியக்காவே, இந்த மடலைச் சட்டமிட்டுத் தங்கள் கையில் தரப்போவதில்லை. கணினிக்கு மேலே, எங்கள் கண்ணெதிரே மாட்டப்போகிறோம். எவர் சொன்னாலும் தடியனை நெரிக்க மாட்டோம். ஓடிப் படிக்காமல் ஒரு பலகையும் இங்கிருந்து கிளம்பாது. இது நாங்கள் தரும் வாக்கு.

நாளைக் காலை மருத்துவமனை வாசலில் அந்தப் பலகையை ஏற்றுகிறோம். ஆற அமர நடந்தே வந்து பாருங்கள். நலமும் நிறைவும் நீங்காது நெடுநாள் வாழ்க! அந்த வாசலை நோக்கி ஓடி வரும் நாள் தங்களுக்கு வராமலே போகட்டும். ஓடி வருகிறவர்களுக்கு வாசல் தெரியும். அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இவண்,
ஓடிப் படிக்கத் தொடங்கிவிட்ட
பட்டறைப் பணியாளர்கள்,
முதலாளி உட்பட.