எட்கர் எண்ணிய வெதர்ஷாக்கள்

முன்னால் அமர்ந்திருக்கும் போதகர் அம்மையார் அவர்களே, வெதர்ஷா குடும்பப்பெயர்ச் சங்கத்தின் துணைத்தலைவர் லயனல் அவர்களே, தந்தையை இழந்து முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் என் அன்பு ஜூடித், எட்கர் கையால் தபால் வாங்கிய ஸ்கார்லி ஊர் மக்களே, கார்டிஃபிலிருந்தும் ஹல்லிலிருந்தும் ரயிலேறி வந்திருக்கும் வெதர்ஷாக்களே, கடல் தாண்டி பார்படோஸிலிருந்து வந்து இந்தக் குளிரில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கும் என் சொந்தங்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் யூலாலி வெதர்ஷா. லீட்ஸ் மருத்துவமனையில் முப்பத்தெட்டு ஆண்டுகள் செவிலியாக இருந்தவள். நம் சங்கத்தின் நிறுவனத் தலைவர் எட்கர் வெதர்ஷா அவர்களோடு பதினெட்டு ஆண்டுகள் செயலாளராக வேலை பார்த்தவள். சென்ற செவ்வாய்க்கிழமை காலை அவர் மறைந்தார். எண்பத்து நான்கு வயது. அவரைப் பற்றிப் பேசு என்கிறார்கள். எங்கே தொடங்குவது? எதை விடுவது?

அவர் தபால்காரர். அதிலிருந்தே தொடங்குகிறேன். முப்பத்து நான்கு ஆண்டுகள் இந்த மலைச்சரிவில் ஏறி இறங்கியவர். எந்த வீட்டில் எந்தப் பெயர் என்று அவருக்குத் தெரியும். தன் பெயர் மட்டும் மற்ற ஊர்களில் ஏன் இல்லை என்று ஒருநாள் யோசித்தார். அன்று தொடங்கியதுதான் இந்தச் சங்கம். உலகத்துத் தொலைபேசிப் புத்தகங்களையெல்லாம் எழுதிக் கேட்டு வாங்கினார். மாடி அறையின் சுவர் முழுக்க அவைதான். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பக்கத்தைத்தான் படிப்பார். அவருக்கு முன்பே காலமான அவர் மனைவி மேவிஸ் என்னிடம் சொல்லியிருக்கிறார்: "மத்த வீட்டுப் பொம்பளைங்க புருஷன் குடிக்கிறான்னு அழுவாங்க. நான் யாருகிட்டப் போயி, என் புருஷன் நியூசிலாந்து டெலிபோன் புஸ்தகம் படிக்கிறாருன்னு சொல்றது?"

சங்கம் தொடங்கியபோது நம்மவர்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தது என்ன? வெதர்ஷா என்பவர் வாளேந்தி வந்த ஒரு பிரபு. நாமெல்லாம் அவர் வம்சம். பழைய நீதிமன்றப் பதிவேடுகளைத் தேடிப் போனார் எட்கர். ஆயிரத்து முந்நூற்று இருபத்து நான்காம் ஆண்டுப் பதிவில் அவருக்குக் கிடைத்தவன் பிரபு அல்ல. 'வெதர்ஷாவைச் சேர்ந்த ஆடம்' என்ற குடியானவன். அடுத்தவர் புல்வெளியில் பன்றியை மேயவிட்டு மாட்டிக்கொண்டவன். வெதர்ஷா என்பது நமக்குப் பின்னால் இருக்கும் இந்த மலைமேல் பண்ணையின் பெயர். 'ஷா' என்றால் சிறு தோப்பு. 'வெதர்' என்றால் காயடித்த கிடா. கிடாய்கள் ஒதுங்கிய தோப்பு. அவ்வளவுதான் நம் பெயர்.

அதை அவர் கூட்டத்தில் அறிவித்த கதையை லயனலே எனக்குச் சொல்லியிருக்கிறார். லயனல் எழுந்து கேட்டாராம்: "ஏம்ப்பா எட்கர், காயடிச்ச கிடாவுக்கு எப்படி வம்சம் வரும்?" எட்கர் சொன்னாராம்: "அதத்தான் நானும் தேடிக்கிட்டிருக்கேன். நீ எப்படி வந்தேன்னு தெரிஞ்சா சொல்லு."

அப்படிப்பட்ட மனிதருக்கு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஏழாம் ஆண்டு, நான் ஒரு கடிதம் எழுதினேன். என் தகப்பனார் பார்படோஸில் கரும்புத் தோட்டத்து வண்டியோட்டி. சாகும்வரை அவருக்கு ஒரே கேள்வி: இந்தப் பெயர் நமக்கு எங்கிருந்து வந்தது? அதைக் கேட்டும், சங்கத்தில் சேர்த்துக்கொள்ளும்படியும் எழுதினேன். பதில் வந்தது. 'தங்கள் குடும்பம் இப்பெயரைப் பின்னாளில் சூட்டிக்கொண்டிருக்கக்கூடும். எங்கள் சங்கமோ ஸ்கார்லிப் பண்ணையின் வழிவந்தவர்களுக்கானது. தங்கள் தேடல் வெற்றி பெற வாழ்த்துகள்.' கீழே எட்கர் வெதர்ஷா என்று அழகான கையெழுத்து.

ஜூடித், உன் அப்பாவைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. தவறே செய்யாதவர் என்று ஒருவரைப் புகழ்வது எளிது. இந்த மனிதர் தவறு செய்துவிட்டு என்ன செய்தார் என்று சொல்லத்தான் நான் இங்கே நிற்கிறேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. தேவாலயம் முடிந்து வீட்டுக்கு வந்து தேங்காய் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். வெளியே மழை. கதவைத் திறந்தால் உயரமான ஒரு வெள்ளைக்காரர், இஞ்சி கேக் டப்பாவோடு நனைந்துகொண்டு நிற்கிறார்.

"யூலாலி வெதர்ஷா நீங்கதானே? நான் எட்கர். உங்களுக்கு ஒரு கடுதாசி போட்டேன். அதத் திரும்ப வாங்கிக்கிட்டுப் போகலாம்னு வந்தேன்."

நான் கேக் டப்பாவைப் பார்த்தேன்.

"நான் தபால்காரன்மா. கொடுத்த கடுதாசிய ஒருநாளும் திரும்பக் கேட்டதில்ல. இத ஒண்ணத்தான் கேக்கறேன்."

"மொதல்ல உள்ள வாங்க. நனைஞ்சா காய்ச்சல் வரும். தர்றதா வேண்டாமான்னு அப்புறம் பாக்கலாம், மிஸ்டர் வெதர்ஷா."

"எட்கர்னே கூப்பிடுங்க. ரெண்டு பேருக்கும் ஒரே பேரு. மாத்தி மாத்தி வெதர்ஷான்னு கூப்பிட்டுக்கிட்டா யாரு யாரக் கூப்பிடறாங்கன்னு தெரியாது."

சமையலறை மேசையில் ஒரு காகிதத்தை வைத்தார். "நான் படிக்க மாட்டேன்மா. நீங்களே படிங்க" என்றார். யோசையா வெதர்ஷாவின் உயிலின் நகல். யோசையாவை உங்களில் யாருக்குத் தெரியாது? இந்த ஊர்த் தேவாலயத்தின் கிழக்குப் பக்க வண்ணக் கண்ணாடி ஜன்னல் அவர் நினைவாக வைத்தது. சங்க இதழின் அட்டையில் இருபது ஆண்டுகள் அவர் படம் இருந்தது. பண்ணையிலிருந்து கப்பலேறிப் போய்ப் பெரிய ஆளானவர் என்று பெருமைப்பட்டார்கள். எங்கே போனார், எதனால் பெரிய ஆளானார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர் போனது பார்படோஸுக்கு. அவர் ஆனது கரும்புத் தோட்டத்தின் கங்காணி. உயிலில் தன் தங்கைக்கு அவர் விட்டுப்போனவை: ஒரு குதிரை, ஒரு வெள்ளிக் கடிகாரம், பதினொரு மனிதர்கள். பதினொரு பேருடைய பெயரும் இருந்தது. கடைசியில் ஒரு வரி: 'ஃபீபாவின் குழந்தை, இன்னும் பெயரிடப்படாதது.'

என் தகப்பனாரின் கேள்விக்குப் பதில் அந்தக் காகிதத்தில் இருந்தது. அடிமை விடுதலை வந்தபோது எழுதிக்கொள்ள ஒரு குடும்பப்பெயர் வேண்டியிருந்தது. எழுதத் தெரிந்த யாரோ ஒருவன் அந்தத் தோட்டத்துக்காரர்களுக்கெல்லாம் கங்காணியின் பெயரை எழுதிவிட்டான்.

ரொட்டி அடுப்பில் கருகிக்கொண்டிருந்தது. அவர் எழுந்துபோய் அணைத்துவிட்டு வந்தார்.

"இத எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"மேவிஸுக்கு. இப்போ உங்களுக்கு."

"மத்தவங்களுக்கு?"

நான் ஊற்றி வைத்த தேநீரை ஒரு வாய் குடித்தார். "அடுத்த இதழ்ல போடப்போறேன். பாதிப்பேர் போயிடுவாங்க."

"போனா?"

"போனா நாற்காலி மிச்சம்."

அந்தக் கடிதத்தை நான் திருப்பித் தரவில்லை. இன்றும் என்னிடம் இருக்கிறது. கருகாத பக்கமாகப் பார்த்து ரொட்டியைக் கட்டிக்கொடுத்து அனுப்பினேன்.

அவர் சொன்னபடியே போட்டார். அட்டையில் யோசையாவின் படம் இல்லை, உயில் இருந்தது. நாற்பத்தொரு பேர் விலகினார்கள். மிஞ்சியவர்கள் அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் என்னைச் சேர்க்கலாமா என்று விவாதித்தார்கள், நான் அங்கேயே உட்கார்ந்திருக்கும்போது. லயனல், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று நான் சொல்லட்டுமா? காலையிலேயே இவரிடம் அனுமதி கேட்டேன், சொல் என்றார்.

"பேரு யாரு வேணா வெச்சுக்கலாம். ரத்தம் இருக்கா? அதான் கேள்வி" என்றார் லயனல்.

எட்கர் கத்தவில்லை. "நல்ல கேள்விதான். ஆனா இந்த அறையில இதுவரைக்கும் யாரையும் நாம அப்படிக் கேட்டதில்ல. அவங்கள மட்டும் ஏன் கேக்கணும்னு எனக்குப் புரியற மாதிரி சொல்லு. சொல்ல முடியலன்னா எல்லாரையும் கேப்போம். என்னைய மொதல்ல."

தகப்பனிடமிருந்து மகனுக்கு வருவதைப் பார்க்கும் மரபணுச் சோதனை அப்போதுதான் வந்திருந்தது. பன்னிரண்டு ஆண்கள் கன்னத்தின் உள்பக்கம் பஞ்சைத் தேய்த்து அனுப்பினார்கள். பார்படோஸில் இருக்கும் என் அண்ணனையும் கேட்டேன். அவர் மறுத்துவிட்டார். "நம்ம ஆளுங்க உடம்ப ஒருதடவ அவங்க காகிதத்துல எழுதினாங்க. அது போதும்" என்றார். அதை நான் அப்படியே எட்கரிடம் சொன்னேன். "அவர் சொல்றதுதான் சரி" என்று முடித்துக்கொண்டார். அதன்பிறகு ஒருமுறைகூட அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆகவே எனக்கும் அந்தப் பண்ணைக்கும் ரத்த உறவு உண்டா? தெரியாது. தெரியாமலே நான் உங்கள் செயலாளராக இருந்தேன்.

முடிவுகளை அவரே வாசித்தார். பெயர் கிடையாது, எண்கள்தான். ஒன்று, பொருந்துகிறது. இரண்டு, பொருந்துகிறது. இப்படியே போய், ஏழு, பொருந்தவில்லை என்றார். கண்ணாடியைக் கழற்றினார். "ஏழாம் நம்பர் நான்தான்" என்றார்.

லயனல்தான் முதலில் பேசினார். "தப்பா இருக்கும் எட்கர். மறுபடி பாக்கச் சொல்லு."

"ரெண்டு தடவ பாத்தாச்சு. பதிவேட்டையும் பாத்துட்டேன். எங்க தாத்தாவோட அப்பா பிறந்த பிறகுதான் அவங்கம்மா ஒரு வெதர்ஷாவைக் கட்டிக்கிட்டாங்க. நான் இந்தப் பேருக்கு வந்து சேர்ந்தவன்." தலைவரின் சின்னத்தைக் கோட்டிலிருந்து கழற்றி மேசைமேல் வைத்தார். "இனி சங்கம் சொல்றபடி."

லயனல் நடந்துபோய் அந்தச் சின்னத்தை எடுத்து அவர் கோட்டிலேயே மறுபடி குத்தினார். "என் பாட்டன் பூட்டன் பேரெல்லாம் நீ தேடிக் குடுத்ததுதான். நீ இல்லன்னா நான் யாருன்னே எனக்குத் தெரியாது. பேசாம உக்காரு." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்களுந்தான். உக்காருங்க."

அன்று எனக்கு அது போதவில்லை. அதற்குப் பிறகு நானும் லயனலும் எத்தனையோ ஆண்டுகள் சண்டை போட்டிருக்கிறோம். பேசித் தீர்த்த பிறகுதான் போதும் என்று ஆனது.

ஆனால் எட்கருக்கு வலிக்கவில்லை என்றா நினைக்கிறீர்கள்? அன்று மாலை என்னை ரயில் நிலையத்துக்குக் கொண்டுவிட நடந்து வந்தார். பாலத்தின்மேல் நின்றுவிட்டார். "நாப்பது வருஷமா அந்தப் பண்ணைச் சுவரத் தொட்டுத் தொட்டு, இது எங்க முப்பாட்டன் வெச்ச கல்லுன்னு பொண்ணுகிட்டச் சொல்லியிருக்கேன். எவரு வெச்ச கல்லோ."

"எவரு வெச்சா என்ன, சுவரு நிக்குதுல்ல?" என்றேன்.

"ஆறுதல் சொல்லாதம்மா. கொஞ்சம் வருத்தப்பட்டுக்கறேன்" என்றார். நான் பக்கத்திலேயே நின்றேன். ஒரு ரயில் போனது. அடுத்ததில் ஏறினேன்.

அந்த வருத்தத்தோடுதான் அவர் வேலையைத் தொடர்ந்தார். அதுதான் எட்கர் வெதர்ஷா. தன் ரத்தத்தில் இல்லாத ஒரு பெயருக்காக இன்னும் பத்தொன்பது ஆண்டுகள் உழைத்தார். அதைவிடப் பெரிய சொந்தம் எது?

என்னோடு பார்படோஸுக்கும் வந்தார். முகமெல்லாம் வெயிலில் சிவந்து, ஒரு ரம் கடை வாசலில் நோட்டோடு உட்கார்ந்திருந்தார். வழியில் போன என் சித்தப்பா மகன் கேட்டான்: "என்ன பெரியவரே, பேரத் திருப்பி வாங்கிட்டுப் போக வந்தீங்களா?"

"இல்லப்பா, எண்ணிட்டுப் போக வந்தேன்" என்றார் எட்கர். அன்று அந்தக் கடையில் அவரை ஒரு டம்ளர்கூடச் சொந்தமாக வாங்கவிடவில்லை.

எண்ணினார். ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தொன்றின் மக்கள்தொகைக் கணக்கில் இங்கிலாந்து முழுவதும் இருநூற்று ஆறு வெதர்ஷாக்கள். அதில் நூற்று அறுபது பேர் இந்த மலையைச் சுற்றி. இன்று இங்கிலாந்தில் தொண்ணூறு சொச்சம். டாஸ்மேனியாவில் முப்பது. டொரன்டோவில் நாற்பது. பார்படோஸில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். இந்த ஸ்கார்லியில்? சென்ற திங்கட்கிழமை வரை ஒருவர் இருந்தார். இப்போது இல்லை. இந்தப் பெயர் பிறந்த ஊரில் இந்தப் பெயருக்கு ஒரு வீடுகூட இல்லை.

நண்பர்களே, அவர் விட்டுப்போன வேலை ஒன்று பாக்கி. கிழக்கு ஜன்னலின் கீழே உயிலில் இருந்தவர்களின் பெயரைக் கல்லில் பதிக்க வேண்டும் என்று ஒன்பது ஆண்டுகள் கேட்டுக்கொண்டிருந்தார். தேவாலய அனுமதி சென்ற மாதம் வந்தது. மருத்துவமனைக் கட்டிலில் வைத்து அந்தக் கடிதத்தை நான் அவருக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "கல்தச்சர் ஒரு சந்தேகம் கேட்டாரும்மா. பேருக்குப் பின்னால வெதர்ஷான்னு சேக்கணுமா வேண்டாமான்னு. நான் பதில் சொல்லல. அத நான் சொல்லக் கூடாது. நீ சொல்லு" என்றார்.

நேற்று கல்தச்சரிடம் பதில் சொல்லிவிட்டேன். சேர்க்க வேண்டாம். அவர்கள் வாழ்ந்த நாளில் அந்தப் பெயர் அவர்களுடையது அல்ல. பிறகு எங்களுடையதானது, நாங்கள் அதை வைத்துக்கொள்கிறோம். குழந்தைக்கும் ஒரு வரி விடச் சொல்லியிருக்கிறேன். அந்த வரியில் எழுத்து இருக்காது.

சங்கத்தின் பதிவேடு இன்றுமுதல் என் பொறுப்பு. எனக்கு எழுபத்தேழு வயது. என்னோடு சேர்ந்து எழுத ஜூடித் ஒப்புக்கொண்டிருக்கிறாள். ஜூன் மாதம் இரண்டாம் சனிக்கிழமை கல்லை வைக்கிறோம். நீங்கள் எல்லோரும் வர வேண்டும். வருவீர்கள்.

இப்போது எழுந்து நிற்போம். எட்கருக்காக மௌனம் வேண்டாம். அவர் பெயர்களை உரக்க வாசிக்கிறவர். நான் சொல்கிறேன், நீங்களும் என்னோடு சொல்லுங்கள்.

கட்ஜோ. மிங்கோ. பாத்ஷேபா. குவாஷி. சூக்கி. பெரிய ஜூபா. சின்ன ஜூபா. கேட்டோ. ஹேனா. லண்டன். ஃபீபா. ஃபீபாவின் குழந்தை.

எட்கர்.