விழுந்த மரத்தில் ஐந்து குலை

— இந்தச் செம்பனை வரிசையில ஆறாவது மரம். எத்தனை குலைன்னு எழுதியிருக்க?

— அஞ்சு. புக்குலதான் இருக்கே கிராணி, ஆப்பீஸ் கணக்கு எழுதுறவரு கண்ணாடி போடலையா?

— போட்டுத்தான் இருக்கேன். அஞ்சும் கறுப்புக் குலையா?

— கறுப்புதான். பழுத்தத எண்ணச் சொல்லி என்னைக்கு அனுப்புனீங்க? மட்டை இடுக்குல கறுப்பா இருக்கறத எண்ணு மோகனா, நாலு மாசத்துல அதுதான் பழுத்து லோரி ஏறும்னு சொல்லிக் கொடுத்ததே நீங்கதானே. ஒன்பது வருசமா எண்ணிக்கிட்டு இருக்கேன்.

— அதான் கேக்குறேன். ஒன்பது வருசத்துல உனக்கு ஒரு குலை தப்புனதில்ல. வா, அந்த மரத்தக் காட்டு.

— இந்த வெயில்லயா? பசியாறிட்டு வந்தீங்களா, இல்ல வெறும் வயித்தோட மோட்டார் ஏறி வந்துட்டீங்களா? மொகமே வாடிக் கெடக்கு. போத்தல்ல தேத்தண்ணி இருக்கு, மொதல்ல குடிங்க.

— தேத்தண்ணி அப்புறம். மரத்தக் காட்டு.

— அங்கதான் லா நிக்குது. எங்க ஓடிடப் போவுது?

— மோகனா.

— என்னா?

— அந்த மரம் மார்ச் மாசமே இடி விழுந்து சாஞ்சிருச்சு. நான்தான் ஆள் அனுப்பி அறுத்துப் போடச் சொன்னேன். இப்ப அடிக்கட்டைதான் கெடக்கு. அதுல போய் உனக்கு அஞ்சு குலை காய்ச்சிருக்கு.

— வரிசை மாறியிருக்கும். கண்ணு இப்ப முன்ன மாதிரி இல்ல கிராணி.

— ஒரு மரத்துல மாறலாம். நான் ரெண்டு ஞாயித்துக்கிழமை வந்து, நீ எண்ணுன முன்னூறு மரத்தையும் எண்ணிப் பாத்துட்டேன்.

— லீவு நாள்லயா? தனியாவா?

— தனியாத்தான். வீட்டுல யாரு இருக்கா, என்னையத் தேட? அம்மா போனதுல இருந்து ஞாயித்துக்கிழமை பொழுதே போவ மாட்டேங்குது. அத விடு. என் கணக்குல அறுநூறு குலை. உன் கணக்குல ஆயிரத்து ஐநூறு. சராசரியா மரத்துக்கு மூணு கூட்டிப் போட்டிருக்க.

— வேற வேலையே இல்லையா உங்களுக்கு? மனுசன் ஞாயித்துக்கிழமை தூங்க மாட்டானா?

— கேளு. பத்து மரத்துக்கு ஒரு மரத்தத்தான் எண்ணுறோம். நீ கூட்டுற ஒவ்வொரு குலையும் ஆப்பீசுல பத்தாயிடும். அத வச்சுத்தான் மானேஜர் லோரி பேசுவாரு, குலை வெட்ட ஆள் எடுப்பாரு, இத்தனை டன்னு வருதுன்னு மில்லுக்குச் சொல்லுவாரு. இதெல்லாம் உனக்குத் தெரியும்ல?

— தெரியும்.

— தெரிஞ்சுமா செஞ்ச?

— தெரிஞ்சதாலதான் செஞ்சேன்.

— ஏன்? லோரிக்காரன் எவனாச்சும் காசு கொடுத்துக் கேட்டானா?

— சீ! என்னைய அப்படியா நெனச்சீங்க? எவன் வந்து கால்ல விழுந்தாலும் ஒரு குலை கூட்ட மாட்டேன்.

— பின்ன எதுக்கு?

— சொல்ல மாட்டேன். திட்டணும்னா திட்டிட்டுப் போங்க.

— திட்ட வரல மோகனா. நெசமாத்தான் கேக்குறேன்.

— போன மாசம் கையில முள்ளு குத்தி, மருந்து கேக்க ஆப்பீஸ் வந்தேன்ல? நீங்க மருந்து எடுக்க உள்ள போனீங்க. மானேஜர் போன்ல பேசிக்கிட்டு இருந்தாரு. இந்தத் தடவையும் குலைக் கணக்கு கொறஞ்சா இந்த டிவிஷன கோலா பிலா பக்கத்து டிவிஷனோட சேத்துடலாம், இங்க ஆப்பீச மூடிட்டு கிராணிய அங்க மாத்திடலாம்னாரு.

— அதுக்காகவா?

— ஆமா பின்ன. காலையில வேலைக்கு முன்ன பெரட்டுல நிக்க வச்சுப் பேர் கூப்புடுறப்ப எல்லார் பேரையும் கத்துவீங்க. என் பேர மட்டும் மெதுவாச் சொல்லுவீங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? காய்ச்சலா இருந்தாலும் எந்திரிச்சு வர்றது அதுக்குத்தான். நாளைக்கு வேற எவனோ வந்து நின்னு என் பேரையும் சேத்துக் கத்துவான். அதக் கேக்க எனக்குத் தெம்பு இல்ல.

— மோகனா...

— பேசாதீங்க. சொல்லிட்டேனேன்னு வெக்கமா இருக்கு. எம் புருசன் முகுந்தன் செத்து பதினோரு வருசமாச்சு. பொண்ணு ரதி செண்டாயான்ல பேக்டரி வேலைக்குப் போவுது. இந்த வயசுல எனக்கு இப்படி ஒரு கிறுக்கு. எண்ணத் தெரியாம எண்ணிட்டேன்னு வச்சுக்குங்க.

— ரதி எப்ப வரும்?

— அவ ஆஸ்டல்லதான் இருக்கா. சனிக்கிழமை ஆனா வருவா. இப்ப எதுக்கு அவளக் கேக்குறீங்க?

— சும்மாதான். நான் ஒண்ணு சொல்றேன், கேளு. இங்க வர்றதுக்கு முன்ன, இன்னொரு எஸ்டேட்டுல ஒரு தடவ கணக்கு இப்படித்தான் கூடிப் போச்சு. தப்பு பண்ணது நான்தான். வயசு, அவசரம். மரத்துக்கே போவாம நாற்காலியில ஒக்காந்து எழுதிட்டேன்.

— நீங்களா? நம்ப மாட்டேன்.

— நம்பு. என் கணக்க நம்பி இந்தோனேசியாவுல லொம்போக்குல இருந்து எட்டு பேர எடுத்தாங்க. நாலு மாசம் ஆச்சு, பழம் வரல. வெட்டுனாத்தானே கூலி? ஆளுங்க சேந்து தங்குற கொங்சி வீட்டுல ஒக்காந்து வெறும் சோத்துல உப்பு போட்டுத் தின்னாங்க. அதுல ஒருத்தரு, என் அப்பா வயசு. தெனமும் சாயங்காலம் ஆப்பீஸ் வாசல்ல வந்து நின்னு, கிராணி, பேசோக் அடா கெர்ஜான்னு கேப்பாரு. நாளைக்கு வேலை இருக்கான்னு. நான் தலையக் குனிஞ்சுக்குவேன். அவரு அதுக்கும் தெரிமா காசின்னு நன்றி சொல்லிட்டுப் போவாரு.

— இங்கயும் ஆள் எடுப்பாங்களா?

— உன் கணக்குப்படி பத்து பேரு.

— ஐயோ சாமி! நட்டம்னா கம்பெனிக்குத்தானே, தாங்கிக்குவாங்கன்னு நெனச்சேன். அந்தப் பத்து பேரு என் கண்ணுக்குத் தெரியவே இல்ல கிராணி.

— புக்குல அவங்க பேரு இருக்காது. எனக்கும் அன்னைக்குத் தெரியல.

— புக்கக் கொடுங்க. அழிச்சிடலாம். உங்க கணக்கையே எழுதுங்க. அறுநூறு.

— எழுதுனா நான் கோலா பிலா போயிடுவேன்.

— போங்க. போய் நல்லா இருங்க. எங்கேயோ இருந்து பத்து பேரு புள்ளகுட்டிய வுட்டுட்டு வந்து இங்க உப்புச் சோறு திங்கணும், அதுல நான் உங்கள இங்க நிறுத்தி வச்சுக்கணுமா? அப்படி ஒரு ஆசை எனக்கு வேணாம். எழுதுங்க. தப்பு எண்ணுனது மோகனான்னு கீழயே எழுதுங்க.

— அழுவாத.

— அழுவல. வெயிலு கண்ணுல படுது.

— தேத்தண்ணிய எடு, ரெண்டு பேரும் குடிப்போம். புக்க அப்புறம் திருத்திக்கலாம். சரியான கணக்க நேத்தே ஆப்பீசுல கொடுத்துட்டேன்.

— கொடுத்துட்டீங்களா?

— ம். காலையில மானேஜர் கூப்பிட்டு, அடுத்த மாசம் ஒண்ணாந்தேதி கோலா பிலான்னு சொல்லிட்டாரு.

— அப்புறம் எதுக்கு இவ்வளவு தூரம் வந்து என்னைய இந்தப் பாடு படுத்துனீங்க? கல் நெஞ்சுக்காரரு!

— நீ ஏன் கூட்டுனன்னு எனக்குத் தெரியணும். போன ஞாயித்துக்கிழமை அந்த அடிக்கட்டை மேலதான் ஒக்காந்து யோசிச்சேன். எனக்காகத்தான் கூட்டுனியோன்னு ஒரு நெனப்பு வந்துச்சு. வந்த உடனே பயமாயிடுச்சு. ஆசையில நானே கூட்டிக் கணக்குப் போடறேனோன்னு.

— கையில என்னா பேப்பர் அது?

— கோலா பிலாவுல வீடு தர்றாங்க. ரெண்டு ரூம்பு. அதுக்கான ஃபாரம். இன்னிக்கே கொடுக்கணும். நீயே படிச்சுப் பாரு.

— பேரு ஹேமநாதன். வேலை கிராணி. வீட்டுல குடியிருக்கப் போறவங்க எத்தனை பேரு... ரெண்டு. பென்சில்ல எழுதியிருக்கு. யாரு கிராணி அந்த இன்னொரு ஆளு?

— அதக் கேக்கத்தான் பசியாறாம வந்தேன். ஊரு பேசும், பேசட்டும். ஒன்பது வருசமா பேர மட்டும் மெதுவாச் சொல்லிக்கிட்டு இருந்துட்டேன், மத்தது வாய்ல வரல. சொல்லு மோகனா. நானும் விழுந்த மரத்துல குலை எண்ணிட்டேனா?

— அந்தப் பென்சிலக் கொடுங்க.

— அழிக்கப் போறியா?

— ஆமா. தப்பா எண்ணியிருக்கீங்க. சனிக்கிழமை ஆனா ரதி வருவால்ல? மூணு.