நடக்கிற நிலம்

— என்னம்மா சொல்ற? என் நிலம் நடக்குதா?

— நான் சொல்லலைங்க ஐயா, பேங்க் கம்ப்யூட்டர் சொல்லுது. விதைக் கடன் உங்க போனுக்குத் தானா வந்திருக்கணும். நிலம் ஒரு இடத்துல நிக்கலைன்னு நிறுத்தி வச்சிருக்கு.

— எங்கப்பன் காலத்துலேர்ந்து அது அங்கேயேதான் கிடக்கு. காலு முளைச்சா எனக்குத் தெரியாதா?

— மண்ணு ஈரமும் சூடும் பாக்க, வயல்ல நட்டு வைக்கச் சொல்லி ஒரு கருவி குடுத்தோமே, அது அனுப்புறதுதான் இது. பாருங்க, காலையில ஓடைக்கரை. மத்தியானம் மரத்தடி. அப்புறம் திடீர்னு வெள்ளம்!

— வெள்ளமாவது வெங்காயமாவது! மண்ணு பதமா இருக்கு. இந்த வாரம் விதைக்கலைன்னா இந்த வருஷமே போச்சு. உன் பொட்டிக்குக் கிறுக்குப் புடிச்சா நான் என்ன பண்ண?

— மண்ணுக்குக் காய்ச்சல் வேற அடிக்குது, ஆளுக்கு அடிக்கிற மாதிரி. உண்மையைச் சொல்லுங்க, கருவியை எங்க வச்சிருக்கீங்க?

— பத்திரமாத்தான்.

— பத்திரம்னா?

— வயல்ல நட்டா எவனாவது புடுங்கிட்டுப் போவான். நீங்க என் தலையில கட்டுவீங்க. அதான் மாட்டுக் கழுத்துல கட்டிட்டேன். எவன் கிட்ட வந்தாலும் முட்டும். என் சம்சாரத்தையே விடாது.

— ஐயய்யோ! தொட்டியில தண்ணி குடிச்சதுதான் வெள்ளமா?

— சிரிக்காதம்மா. காசு வருமா, வராதா?

— வரும். கழட்டி வயல்ல நட்டு வைங்க. நடந்தது நிலம் இல்ல, மாடுன்னு ஒரு வரி எழுதி அனுப்புறேன். சாயங்காலமே வந்துடும்.

— அப்படி வா வழிக்கு. எழுது.

— ஒரு நிமிஷம்... ஐயா, பக்கத்து வயல் யாரோடது?

— அந்த ஆள் பேச்சையே எடுக்காத. என் மச்சான்தான். அவன் சோளத்தை என் மாடு மேஞ்சிடுச்சாம், ஊரெல்லாம் தண்டோரா போடுறான். என் மாடு கட்டின கயித்தைத் தாண்டாது. பஞ்சாயத்துல சத்தியமே பண்ணியிருக்கேன்!

— அவரும் நம்ம பேங்க்தான். பயிர் இன்சூரன்ஸ் கேட்டிருக்காரு. யார் மாடுன்னு தெரியாம அப்படியே நிக்குது. அதோ, வெளியில பெஞ்சுல உக்காந்திருக்காரு.

— யாரு, அவனா? இங்கயா?

— உங்க நிலம் தினமும் விடியக்காலையில அவர் சோளத்துக்கு நடுவுலதான் நிக்குது, ஐயா. மாடுன்னு எழுதிடவா?

— ஷ்ஷ்... மெல்லப் பேசும்மா! எந்த மாடு? ஏது மாடு? நிலம்தான் நடக்குது. என் ரெண்டு கண்ணால பாத்தேன்.