பனி மூடிய குழாயும் நான் உடைத்த கதவும்

என் பெயர் வெர்னா ஹாக்ஸ்டாட். வயது ஐம்பத்திரண்டு. உரிமம் பெற்ற பிளம்பர். மினசோட்டா மாநிலம் பெமிட்ஜியில் குடியிருக்கிறேன். காவல் அலுவலர் கேட்டதன் பேரில் நடந்ததைச் சொல்கிறேன்.

பிளம்பர், எலக்ட்ரீஷியன் உரிமங்களைப் புதுப்பிக்க இங்கே குறிப்பிட்ட மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்தே ஆக வேண்டும். என் உரிமம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. ஆகவே இன்று காலை எங்கள் தொழிற்சங்கக் கட்டிடத்தில் நடந்த வகுப்புக்குப் போனேன். என்னோடு பல கட்டிடங்களில் வேலை பார்த்த எலக்ட்ரீஷியன் ராய் டிபெட்ஸும் வந்திருந்தார். வெளிச்சுவரிலுள்ள ஹீட்டர் புகைக்குழாயைப் பனி அடைத்தால் விஷவாயு வீட்டுக்குள்ளேயே திரும்பும் என்று வகுப்பெடுத்த ஆஸ்ட்பி படம் போட்டுக் காட்டினார். "பொறந்ததுல இருந்து பனியிலதான் கெடக்கோம், நமக்கே பாடமா?" என்று ராய் என் காதில் சொன்னார். நானும் சிரித்தேன்.

அதன் பிறகு மதிய இடைவேளையில் சாப்பிட நடந்தோம். வழியில் ஒரு வீட்டின் பக்கச் சுவரில் கூரைப்பனி சரிந்து ஹீட்டர் புகைக்குழாய் இருக்கவேண்டிய இடத்தை மூடியிருந்தது. ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கம் நீர் வழிந்தது; புகை வெளியேறாமல் உள்ளே தங்குவதற்கு அதுவும் ஓர் அடையாளம். நான் நின்றேன். "வா வெர்னா, சூப் ஆறிடும்" என்றார் ராய். நான் கதவைத் தட்டினேன், பதில் இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தபோது சமையலறைத் தரையில் ஒரு கால் தெரிந்தது, செருப்பு கழன்றிருந்தது.

அதன் பிறகு ராய் அவசர எண்ணுக்குப் பேச, நான் வாசலில் பனி அள்ள வைத்திருந்த மண்வாரியால் கதவுக் கண்ணாடியை உடைத்துக் கைவிட்டுத் தாழ்ப்பாளைத் திறந்தேன். பக்கத்து வீட்டுக் கர்ட்டிஸ் டால், "யாருய்யா அது, பட்டப்பகல்ல! போலீஸ கூப்பிடுறேன்!" என்று கத்தினார். "கூப்பிடுங்க, அப்படியே வந்து ஒரு கை புடிங்க!" என்றேன். நானும் ராயும் மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போய், தரையில் கிடந்த அம்மாளை வெளியே இழுத்து வந்தோம். நாற்காலியில் சாய்ந்திருந்த கணவரைக் கர்ட்டிஸும் சேர்ந்து தூக்கினார். ராய் வெளிச்சுவரிலிருந்த மின்பெட்டியில் மின்சாரத்தை நிறுத்தி ஹீட்டரை அணைத்தார். பிறகு ஆம்புலன்ஸ் வந்தது. கணவர் பெயர் வைனோ லாஹ்தி, மனைவி பெயர் ஐலி என்று கர்ட்டிஸ் சொல்லித்தான் தெரியும்.

ஆஸ்பத்திரியில் ஐலி கண் விழித்ததும், "என் கதவ யாரு உடைச்சது?" என்று கேட்டார். "நான்தாம்மா." "குளிர் உள்ள வருமே, எதையாவது வச்சு மூடுனீங்களா?" ராய் பலகை அடித்துவிட்டதைச் சொன்னேன். என் விரலைப் பிடித்துக்கொண்டார், நெடுநேரம் விடவில்லை. வைனோவும் பிழைத்துக்கொள்வார் என்று டாக்டர் சொன்னார்.

அதன் பிறகு ஆஸ்ட்பியைப் பார்த்தேன். மதிய வகுப்பு தவறியதால் சான்றிதழ் தர முடியாது என்றார். "விதி விதிதான் வெர்னா. வியாழக்கிழமை மறுபடி வகுப்பு இருக்கு, உங்க ரெண்டு பேருக்கும் இடம் போட்டுட்டேன். மாசம் முடியிறதுக்குள்ள லைசென்ஸ் வந்துரும்." ராய் முனகவில்லை, "முன் வரிசையில போடுங்க" என்றார்.

கதவை உடைத்தது நான்தான். ஐலி லாஹ்திக்கு அதில் புகார் இல்லை. வாக்குமூலம் கொடுக்க லாஹ்தி வீட்டுத் தெரு வழியாக நான் வந்தபோது அங்கே ஏழெட்டுப் பேர் மண்வாரியோடு அவரவர் வீட்டுச் சுவரோரம் பனியைத் தோண்டிக் குழாயைத் தேடிக்கொண்டிருந்தார்கள். கர்ட்டிஸ் தன் வீட்டை முடித்துவிட்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

இதில் உள்ளது என் கண்ணால் கண்டதும் கையால் செய்ததும் மட்டுமே. படித்துக்காட்டக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது.

(ஒப்பம்) வெர்னா ஹாக்ஸ்டாட்