ஈரத்துண்டுக் கோ-கோ

கொரோனா காலத்துல பள்ளிக்கூட மன்றம் ஒண்ணுகூட நிக்கலன்னு இந்த மேடையில சொன்னது பொய். அரை மணி நேரமா நாலு பேர் மாத்தி மாத்திச் சொன்னீங்க. நாலும் பொய். எல்லாம் நின்னுச்சு. நிக்காதது ஒண்ணே ஒண்ணு... மேல ரிப்போர்ட் அனுப்புறது.

கோபம் வருதா? இருங்க. சின்னதா ஒரு கதை வச்சிருக்கேன். கேட்டுட்டுக் கோபப்படுங்க.

ஒரு பள்ளிக்கூடம். அங்க பொம்பளைப் பிள்ளைங்க கோ-கோ குழு. அதுல இசக்கியம்மாள்னு ஒரு பிள்ளை, பிளஸ் டூ. அவ விரட்டினா ஆம்பளைப் பசங்களே மூச்சு வாங்கி உக்காந்துருவாங்க. வீட்ல அம்மா தெளிவாச் சொல்லிட்டாங்க. "மாவட்ட சர்டிபிகேட் வாங்கு, விளையாட்டுக் கோட்டாவுல காலேஜுக்குப் போ. வாங்கலியா... பீடி சுத்துற தட்டு மடிக்கு வரும்." அவ்வளவுதான் பேச்சு. அவளுக்கு அந்த ஒரு வருஷந்தான் இருக்கு.

அந்த வருஷம் பாத்து ஊரடங்கு. மேலருந்து உத்தரவு வருது. விளையாட்டு மன்றம் தொய்வில்லாம இயங்கணும்... ஆன்லைன்ல. கோ-கோவும் ஆன்லைன்ல. ஒவ்வொரு மாணவியும் வீட்டுக்குள்ளருந்தே வீடியோ அனுப்பணும். நல்ல வீடியோவுக்கு மாவட்ட முதல் பரிசு, சர்டிபிகேட்.

சிரிக்கிறீங்க. உத்தரவு போட்டவங்க சிரிக்கலங்க.

இசக்கி வீட்ல போன் கிடையாது. ஒண்ணரை அறை வீடு. அதுல ஓடினா சுவருலதான் முட்டணும். என்ன செஞ்சா? குழுவுல ஒன்பது பேரையும் தண்ணி வத்தின குளத்துக்குள்ள கூட்டிட்டுப் போனா. ஆறு பேர் உக்கார, ஒருத்தி விரட்ட, ரெண்டு பேர் ஓட. சரி... கோ குடுக்கணும்னா முதுகுல கை வைக்கணுமே? கை படக்கூடாதே? அவ என்ன பண்ணினா, ஒரு துண்டை எடுத்து வாளித் தண்ணியில முக்கினா. எட்ட நின்னு அதை வீசி, நுனி முதுகுல பட்டா கோ; பட்டவ எந்திரிச்சு விரட்டணும். ஓடுறவ மேல பட்டா அவுட். சட்டையில ஈரம் இருக்குல்ல... "படல, படல"ன்னு ஒருத்தியும் ஏமாத்த முடியாது.

இதை எந்த ஆபீஸும் சொல்லிக்குடுக்கல.

நயினார் சார்னு அவங்க பி.டி. வாத்தியார். யாரோ சொல்லி, வண்டியை எடுத்துட்டு ஓடி வர்றார்.

"ஏ பிள்ளைகளா, என்ன செய்தீய? கூட்டம் போடக் கூடாதுன்னு தெரியாதா?"

"கூட்டம் எங்க சார் இருக்கு? உக்காந்திருக்கவ ஒவ்வொருத்திக்கும் நடுவுல ஏழடி. நீங்கதான கோடு போடச் சொல்லிக் குடுத்தீய. கவர்மெண்டு ஆறடிதான கேக்கு?"

"வாய் மட்டும் குறைச்சல் இல்ல உனக்கு."

"காலும் குறைச்சல் இல்ல சார். பாக்கீயளா?"

பாத்தார். கரையில நின்னு கால் மணி நேரம் பாத்தார். அப்புறம் தன் போனை எடுத்து, முழுசா வீடியோ புடிச்சு அனுப்பினார்.

மாவட்டக் குழு கூகுள் மீட்ல கூடுது. மூணு பேர். நயினார் சாரையும் அதுல கூப்பிட்டிருக்காங்க. அவங்கள்ல ஒருத்தர் அவர்ட்ட கேக்குறார்.

"என்ன சார், துண்டால அடிக்கிறாங்க? விதிப்படி கோ கையாலதான் குடுக்கணும்."

"கை படக்கூடாதுன்னும் விதி இருக்கே ஐயா."

"அதனாலதான் யாரும் வெளிய வரக்கூடாதுங்குறோம்."

"வெளிய வராம கோ-கோ எப்படிய்யா ஆடுறது?"

"அதுக்குத்தான் சார் ஆன்லைன்."

முடிஞ்சது. தள்ளுபடி.

முதல் பரிசு யாருக்குத் தெரியுமா? டவுன்ல பெரிய பள்ளிக்கூடத்துப் பிள்ளை. பெரிய ஹால். வரிசையா எட்டு மெத்தை நாற்காலி. பிள்ளை புது ட்ராக் சூட்ல ஓடி வந்து, ஒவ்வொரு நாற்காலி முதுகையும் தொட்டு, "கோ..." "கோ..." "கோ..." பின்னாடி மியூசிக் வேற. அந்தப் பிள்ளை மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. சொன்னதைச் செஞ்சுச்சு.

நயினார் சார் அந்த வீடியோவை இசக்கிக்குக் காட்டினார். ரெண்டு தடவை பாத்தா. அப்புறம் கேட்டா.

"சார்... அந்த நாற்காலி எந்திரிச்சு ஓடுச்சா?"

அவர் போனைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டார். வேற என்ன செய்வார்?

ஏன் இதைச் சொல்றேன்? நல்லா விளங்கிக்கோங்க. பெருந்தொற்றுல மாறத் தெரிஞ்சது பிள்ளைங்களுக்கு. ஏழடியும் விட்டாங்க, கையும் படல, ஆட்டமும் ஆடினாங்க. நீங்க அதுக்கு "விதிமீறல்"னு பேர் வச்சீங்க. போன் இருந்தவன் மாணவன், ஹால் இருந்தவன் வீரன்... இதுதான் நீங்க நடத்தின மன்றம். இன்னைக்கு அதுக்கு ஒரு மலர் போட்டு, அட்டையில கலர் படம் போட்டு, ஒருத்தருக்கொருத்தர் பொன்னாடை போத்திக்கிறீங்க.

இது நடந்து ரெண்டு வருஷமாச்சு. அந்தப் பொண்ணு காலேஜுக்குப் போகல. இன்னைக்கு வந்திருக்கா. மூணாவது வரிசையில, பச்சைத் தாவணி. எந்திரிம்மா... கூச்சப்படாத.

சர்டிபிகேட் குடுத்த குழுவோட மூணு பேரும் என் பின்னாடிதான் உக்காந்திருக்கீங்க. வீடியோ நயினார் சார் போன்ல இன்னும் இருக்கு. இப்பவே பாருங்க. பாத்துட்டு, இவளுக்குச் சேர வேண்டியதை எழுதிக் குடுங்க. இந்தக் கூட்டம் பாக்க, இதே மேடையில.

யார் எழுதுறீங்க?

...

ஐயா, உங்க மூணு பேரைத்தான் கேக்குறேன்.

...