வாளியில் வந்த விமானம்

மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர் அவர்களே, நிர்வாகக் குழு உறுப்பினர்களே, துயரத்தோடு அமர்ந்திருக்கும் அண்ணியார் அவர்களே, சக ஊழியர்களே, வணக்கம்!

மீட்புப் பிரிவின் தலைவர், நாமெல்லாம் 'நங்கூரம்' என்று அழைத்த பெருமகன், மறைந்துவிட்டார். கூட்டத்தில் உட்கார்ந்தால் கேட்டது கிடைக்காமல் எழுந்திருக்க மாட்டார். அதனால் வந்த பெயர். இப்போது இருந்திருந்தால், "போதும்ப்பா, டீயைக் கொடுங்க" என்றிருப்பார். ஆகவே ஒரே ஒரு சம்பவம் சொல்கிறேன்.

நம் சோதனை விமானம் கடலில் விழுந்தது. விமானி திரும்பவில்லை. குழு என்ன சொன்னது? போட்டியாளர்கள் மூழ்கி எடுத்தால் ரகசியமெல்லாம் போய்விடும், கிடக்கிற இடத்திலேயே வெடி வைத்துத் தகர்த்துவிடலாம் என்றது. விபத்துக்குக் காரணம்? விமானியின் கவனக்குறைவு! செத்தவர் வந்து மறுக்கவா போகிறார்?

நங்கூரம் வாதாடவில்லை. அடுத்த கூட்டத்துக்கு ஒரு வாளியோடு வந்தார். உள்ளே உப்புப் பூத்த உலோகத் துண்டுகள். "போட்டிக்காரங்க விமானம், வலையில மாட்டுச்சு. பார்த்துச் சொல்லுங்க" என்றார். நம் வடிவமைப்பாளர்கள் பூதக்கண்ணாடியோடு பாய்ந்தார்கள். முடிவு? மட்டமான வேலை, இதில் கற்க ஒன்றுமில்லை!

"ரொம்ப சந்தோஷம். இது நம்ம விமானம், கரை ஒதுங்கினது" என்றார் நங்கூரம். பூதக்கண்ணாடிகள் பைக்குள் போயின. அவர் தொடர்ந்தார்:

"செஞ்ச நமக்கே அடையாளம் தெரியலை, அவங்களுக்கு என்ன தெரியும்? ஆனா எங்க முறிஞ்சதுன்னு நமக்குத் தெரியணும். நாளைக்கு இன்னொருத்தர் இதே மாதிரி விமானத்துல ஏறுவாரு."

அவர் வாதம் முழுவதும் சரியா? இல்லை. இயந்திரம் முழுசாகக் கிடைத்தால் போட்டியாளர் நிறையவே கற்பார். அதையும் அவரே ஒப்புக்கொண்டார்: "அதனாலதான் சொல்றேன், நாம முந்திக்கணும்."

விமானத்தைக் கடலிலிருந்து எடுக்க அனுமதி கிடைத்தது. மீட்புப் படகு கிளம்புவதற்குள் அவர் மாரடைப்பில் போய்விட்டார்!

அந்த விமானியின் மனைவி இதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறார். அவரிடம் நங்கூரம் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டேன். "அவர் மேல தப்பு இருந்தாலும் சொல்லிடுவேம்மா, இல்லைன்னாலும் சொல்லிடுவேன்." அதுவரை நங்கூரத்தின் பிடிவாதம் எனக்கு எரிச்சலாக இருந்தது. அன்றுதான் மரியாதை வந்தது.

இயக்குநர் முன்னிலையில் மீட்புப் பிரிவின் சார்பில் உறுதி கூறுகிறேன். திங்கட்கிழமை படகு கிளம்பும். அம்மா, கடலிலிருந்து எது வந்தாலும், அதன்மேல் ரகசிய முத்திரை விழுவதற்கு முன் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவோம்.